நாடாத் தடம்

கொட்டாஞ்சேனையில் பெண்பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் ஐறீனைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். கலியாணப் பெண்ணை உடுத்தி வெளிக்கிடுத்துவதுதான் அவளுடைய தொழில். மாதா கோயில் கலியாணம், அம்மன் கோயில் கலியாணம், வெள்ளவத்தையில் முஸ்லிம் வீட்டுக் கலியாணம், எதுவாக இருந்தாலும் பெண்ணுக்குச் சாறி உடுத்திவிட ஐறீன் வரவேண்டும். முகப்பூச்சுக்கும் தலைக்கும் வேறு ஆட்கள் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்குவார்கள். அவர்களை அவள் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

"முகம் வேர்த்தால் துடைக்கலாம். மேடையில சாறி அவிழ்ந்தால் என்னத்தைத் துடைக்கிறது?" என்பாள்.

அவள் உடுத்திவிட்ட சாறி எந்த மேடையிலும் அவிழ்ந்ததில்லை என்பது உண்மை. காரணம் உள்பாவாடை நாடா. அதை அவள் இழுக்கிற இழுவையில் பெண்பிள்ளைகள் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார்கள். "அன்ட்டி, மூச்சு விட ஏலாமல் இருக்கு" என்று எந்தப் பெண் முனகினாலும் அவளுக்கு ஒரே பதில்தான். "மூச்சை றிசெப்ஷன் முடிஞ்ச பிறகு விடலாம். இப்ப நேரா நில்லுங்கோ."

ஊராருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை அவள். விடிய எழும்பினால் படுக்கப் போகும் வரைக்கும் சாறிதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஹவுஸ்கோட்டோடு மீன் வாங்க நிற்கும்போது இவள் மட்டும் கொய்யகத்தின் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் போய் நிற்பாள். துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிற புருஷன் கிளறன்ஸ், "சூடை மீன் வாங்கவும் கலியாணக் கோலமா?" என்று பகிடி பண்ணுவான். "என்னைப் பார்த்துத்தான் சனம் என்னைக் கூப்பிடுது" என்பாள் ஐறீன். அதிலும் நியாயம் இருந்தது.

இப்படிப் பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்துமூன்று வயது வரைக்கும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், ஒரே நாடா. இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. தோல் தடித்து, சொரசொரப்பாகி, வேர்வை பட்டால் கடிக்கும். அதை அவள் ஒரு நோய், ஒரு வருத்தம் என்றே நினைத்ததில்லை. பெண்களை வெளிக்கிடுத்துகிறவள் பார்க்காத இடுப்பா? பெண், பெண்ணின் தாய், பெரியம்மா, மாமி என்று வருஷம் முழுவதும் எத்தனையோ இடுப்பைப் பார்த்தவள். அந்தத் தடம் இல்லாத இடுப்பை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாருக்கும் இருப்பது எனக்கும் இருக்கிறது என்று இருந்துவிட்டாள். அந்தத் தொழில் தெரிந்ததாலேயே வந்த பிழை அது. பத்து இடுப்பை மட்டும் பார்த்த ஒருத்தி பயந்து டொக்டரிடம் ஓடியிருப்பாள்.

ஒரு வருஷம் தவக்காலத்தில், நாடாவின் முடிச்சு உட்காரும் வலப்பக்கத்தில் தோல் வெடித்தது. தேங்காயெண்ணெய் பூசினாள். பாமசியில் கேட்டு ஒரு கிறீம் வாங்கிப் பூசினாள். ஆறுவது போல இருக்கும், பொருக்குக் கட்டும், மறுபடியும் கசியும். கடைசியில் ஒரு கைலேஞ்சியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, அது நழுவாமல் இருக்க நாடாவை இன்னும் ஒரு பிடி கூட்டி இறுக்கினாள். புண்ணுக்கு இதைவிடக் கெட்ட வைத்தியம் ஒன்று இருக்க முடியாது.

டொக்டரிடம் போகாததற்கு இரண்டு காரணம். ஆம்பிளை டொக்டருக்கு முன்னால் இடுப்பைத் திறந்து காட்டுவதாவது என்ற வெட்கம் ஒன்று. அதை எப்படியாவது விழுங்கிவிடலாம். மற்றது விழுங்க முடியாதது. கலியாணப் பெண்ணைத் தொடுகிற கை சுகமான கையாக இருக்கவேண்டும். விதவையைக் கூப்பிட மாட்டார்கள், தீராத வருத்தக்காரியையும் கூப்பிட மாட்டார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். புண்ணுக்கு டொக்டர் ஒரு பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரோடு தன்னை எந்த வீட்டுக்குள் விடுவார்கள் என்று ஐறீன் பயந்தாள். யுத்தம் முடிந்து, வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளைமார் வந்து இறங்கி, மூலைக்கு மூலை கலியாண ஹோல் முளைத்த காலம் அது. வேலை குவிந்து கிடந்தது.

அந்த வருஷக் கடைசியில் வெள்ளவத்தையில் மர்ஸூக் ஹாஜியாரின் மகள் நஸீறாவுக்குக் கலியாணம். பெண் டொக்டருக்குப் படித்தவள் என்பது மட்டும்தான் ஐறீனுக்குத் தெரியும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, பெண்ணுக்கு நாடாவை இறுக்கி, வாயில் நாலு பின்னைக் கவ்விக்கொண்டு, முழங்காலில் நின்று கொய்யக மடிப்புப் பிடித்தாள். கொய்யகத்தைச் செருகிவிட்டு எழும்பியபோது, தன்னுடைய வெளிர்மஞ்சள் சாறியில் சிவப்பாக ஒரு பொட்டு ஊறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. கண்ணாடியில் நஸீறா கவனித்தாள்.

"அன்ட்டி, உங்கட இடுப்பில ரத்தம்."

"பின் குத்தியிருக்கும் மகள். நீங்கள் அசையாமல் நில்லுங்கோ."

"பின் குத்தினா இவ்வளவு வராது. காட்டுங்க பார்க்க."

"நல்ல நாளில கலியாணப் பொம்பிளை ரத்தம் பார்க்கக் கூடாது."

"நான் தோல் கிளினிக்கில வேலை செய்றன் அன்ட்டி. கிழமை முழுக்க இதத்தான் பார்க்கிற. கதவப் பூட்டுங்க."

ஐறீன் எத்தனை பெண்களை நிற்க வைத்து வெருட்டியவள்! இப்போது நகையும் சரிகையுமாக நிற்கிற ஒரு கலியாணப் பெண்ணுக்கு முன்னால் தன் நாடாவைத் தளர்த்திக்கொண்டு நின்றாள். நஸீறா மருதாணிக் கையால் கைலேஞ்சியை மெதுவாக எடுத்தாள். புண்ணின் விளிம்பு உயர்ந்து, வெட்டின றப்பர் போலக் கெட்டியாக இருந்தது.

"எவ்வளவு நாளா ஈக்கி?"

"பெரிய வெள்ளிக்கு முந்தித் துவங்கினது."

"இப்ப கிறிஸ்மஸ் வருது அன்ட்டி. நோகுதா?"

"பெரிசா இல்லை."

நோகவில்லை என்றதும், நோகாத புண்ணுக்குத்தான் பயப்படவேண்டும் என்பதுபோல அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை ஐறீன் பார்த்தாள். கீழே கார் வந்துவிட்டது என்று நஸீறாவின் உம்மா கதவைத் தட்டுகிறாள். நஸீறா போனை எடுத்துத் தன் பெரிய டொக்டரோடு கதைக்கிறாள். "பொம்பள டொக்டர்தான், வெட்கப்படத் தேவையில்ல. திங்கக்கிழமை போங்க. போறன் எண்டு சொல்லாட்டி நான் இந்த சாறிய அவிழ்த்துப் போட்டுட்டு இங்கயே இருப்பன்." தான் உடுத்திய சாறி ஹோலுக்குப் போகாமல் அவிழ்வதை ஐறீனால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அந்தோனியார் மேல் சத்தியம் செய்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் விறைக்க ஊசி போட்டு ஒரு துண்டு சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை கிளறன்ஸ் அவளைத் தேற்றிக்கொண்டே இருந்தான். "தோல் கான்சர் வெள்ளைக்காரனுக்கு வாற வருத்தமடி. கடற்கரையில வெயிலுக்குப் படுத்துக் கிடக்கிறாங்களே, அவங்களுக்கு. வெயிலில காயிறது நான். எனக்கே ஒண்டும் இல்லை, நிழலில நிக்கிற உனக்கு எங்கால வரும்?"

முடிவு வந்தபோது வெயிலே காணாத அந்த இடத்தில்தான் அது வந்திருந்தது. பெரிய டொக்டரம்மா நிதானமாக விளக்கினார். ஒரே இடத்தில் நாடா வருஷக்கணக்காக உரசி உரசி, தடித்த தோல் புண்ணாகி, ஆறாத புண் புற்றுநோயாக மாறியிருக்கிறது. நம்முடைய பெண்களுக்கு இது வரும், வருவது குறைவுதான், வந்தால் காட்டுவதும் குறைவு. "பரவ முந்திப் பிடிச்சிட்டம். வெட்டி எடுத்தால் போதும்" என்றார். பரிசோதனைக்கு ஒருமுறை மகரகமவில் இருக்கிற கான்சர் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டியிருந்தது. கொழும்பில் மகரகமவுக்குப் போனாள் என்றால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெயருக்கு அந்த ஒரு அர்த்தம்தான். ஐறீன் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. உள்ளங்கை நீளத்துக்குத் தையல். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நாடாவை விட்டுவிட்டு அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை கட்டவேண்டும். மற்றது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வந்து உடம்பு முழுவதும் காட்டவேண்டும். ஐறீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பட்டியில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நாடாவையே கட்டி, முடிச்சை இடப்பக்கம் மாற்றிக்கொண்டாள். மூன்றாம் மாதம் ஒழுங்காகப் போய்க் காட்டினாள். வெளியே கேட்டவர்களுக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் என்று சொல்லியாயிற்று. காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் முடிந்திருக்கும், கிளறன்ஸ் மட்டும் சும்மா இருந்திருந்தால்.

மனுஷன் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தான். மனைவி சுகமானால் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழைகளுக்குப் பணிஸ் ரொட்டி கொடுப்பதென்று. செவ்வாய்க்கிழமை அந்தக் கோயிலில் வேதக்காரர் மட்டுமா நிற்பார்கள்? சைவம், பௌத்தம், முஸ்லிம் என்று கொழும்பே நிற்கும். கிளறன்ஸ் கோயில் வாசல் படலையடியில் கூடையோடு நின்று, பணிஸை வாங்கின ஒவ்வொருவரிடமும் மனம் நிறைந்து சொன்னான். "என்ட மனுசி ஐறீனுக்குக் கான்சர் சுகமாகினதுக்கு. கொட்டாஞ்சேனை ஐறீன், தெரியும்தானே? பொம்பிளை வெளிக்கிடுத்துறவ." ஏழை, பணக்காரர் என்று பாராமல் கொடுத்தான். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பாக்கியலெட்சுமியும் அன்றைக்கு மெழுகுதிரி கொளுத்த வந்தவள், ஒரு பணிஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுடைய மூத்த மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். ஐறீனைத்தான் பேசி வைத்திருந்தார்கள். மறுநாளே போன் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நல்ல காரியம். அந்த மாதிரி வருத்தம் வந்த கையால பொண்ணைத் தொட்டா நல்லாயிருக்காதுன்னு வீட்டுல சொல்றாங்க. வேற ஆள் பார்த்துட்டோம்."

"வருத்தம் வந்தது இடுப்பில. கையில இல்லை" என்றாள் ஐறீன். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கழன்றது. சிலர் காரணம் சொன்னார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை. ஐறீன் கிளறன்ஸோடு கதைப்பதை நிறுத்தினாள். மிச்சமான பணிஸைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டு, "நான் நன்றிதானே சொன்னனான்" என்று அவன் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பாவம், அவனை ஏசவும் முடியாது. அவளுக்குத்தான் நெஞ்சு வெந்தது. நோய் வந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. உடம்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததைத் தாங்கிக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷம் எல்லாரும் வாயாரப் புகழ்ந்த கையை இப்போது தொடாதே என்கிறார்களே, அதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த மூன்றாம் மாதம் வந்தபோது அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. புண் ஆறிவிட்டது, நோவு இல்லை. மிச்சமாக இருப்பது இரண்டு மூன்று வீடுகள். கிளினிக் வாங்குப் பலகையில் தன்னைக் கண்டு யாராவது போய்ச் சொன்னால் அதுவும் போய்விடும். சுகமான உடம்பைக் கொண்டுபோய்க் காட்டி இருக்கிற வேலையையும் இழப்பானேன் என்று நினைத்தாள். ஒரு மாதம் கழித்து நஸீறா போன் எடுத்தாள்.

"ஏன் அன்ட்டி வரல்ல?"

"எனக்கு எல்லாம் சுகம் மகள்."

"சுகமெண்டு நீங்க சொல்றதா, நாங்க பார்த்துச் சொல்றதா? உங்கட முதுக நீங்க எப்பயாவது பார்த்திருக்கீங்களா? போன முறையும் சுகமெண்டுதான் லேஞ்சி வச்சுக் கட்டினீங்க."

அந்தக் கடைசிச் சொல் சுள்ளென்று குத்தியது. கோபத்தோடுதான் போனாள். டொக்டரம்மா அவளைக் கட்டிலில் கிடத்தி, மயிரைப் பிரித்துத் தலைத்தோலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். காதின் பின்பக்கம், முதுகு, நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கால். எங்கள் நிறத்துக்காரருக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுண்டு, அங்கேதான் ஒருவரும் பார்ப்பதில்லை என்றார். கவட்டிலும் விரலால் அழுத்தி நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். பிறகு இடப்பக்க இடுப்பில் விரல் நின்றது. முடிச்சை மாற்றிக் கட்டிய அதே இடத்தில், பழைய தடத்தின் மேல், பருப்பளவில் ஒரு சொரசொரப்பு. நோகவில்லை, கசியவில்லை. ஐறீனுக்கு அது இருந்ததே தெரியாது.

அன்றைக்கே விறைக்க வைத்து அந்த இடத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்து, இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது நஸீறாதான் சொன்னாள். அதுவும் அதே சாதிதான், ஆனால் இப்போதுதான் முளைக்கப் பார்த்தது. அதற்கு இனி வேறு வைத்தியம் தேவையில்லை. வராமல் விட்டிருந்தால் பழையதைப் போலத்தான் வளர்ந்திருக்கும்.

ஐறீன் பயந்து போனாள். ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் தரம் வந்தபோது புண் இருந்தது, ரத்தம் இருந்தது, ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. இந்த முறை ஒன்றுமே தெரியாமல் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறாளே! ஊருக்குப் பயந்து ஒளிந்ததில் உயிரையே கொடுத்திருப்பேன் என்று நினைக்க, ஊர் மேல் இருந்த பயம் அப்படியே கழன்று விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இருந்த பாவாடை எல்லாவற்றிலும் நாடாவை உருவிவிட்டு, நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைத்தாள். கிளறன்ஸோடும் கதைத்தாள். "ஊசியில நூலைக் கோத்துத் தா" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

அதன் பிறகு கிளினிக் நாளில் அவள் ஒளியவில்லை. நல்ல சாறியாகப் பார்த்து உடுத்துக்கொண்டு முன் வாங்கில் இருந்தாள். கேட்டவர்களுக்குக் கான்சர் என்றே சொன்னாள். கூப்பிட்ட ஒன்றிரண்டு வீடுகளிலும் பெண்ணுக்குப் பட்டிப் பாவாடைதான். பட்டியிலும் சாறி நின்றது. வேலை மட்டும் பழையபடி வரவில்லை. அதை இல்லையென்று சொல்ல ஏலாது.

ஒருநாள் காலையில் பாக்கியலெட்சுமி வாசலில் வந்து நின்றாள். மகளின் கலியாணம் எப்போதோ முடிந்துவிட்டது. வேறு ஆள் உடுத்திய சாறி மேடையில் நழுவி, மாமியார்க்காரி பின்னால் பிடித்துக்கொண்டு நின்ற கதை ஐறீனின் காதுக்கும் வந்து, அன்றைக்கு அவள் சோற்றை இன்னொரு அகப்பை கூடப் போட்டுச் சாப்பிட்டாள். பாக்கியலெட்சுமி கதிரை நுனியில் இருந்தாள். தேத்தண்ணி ஆறிப் போனது.

"அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றாள் கடைசியில். கை இடுப்பை அமத்திக்கொண்டிருந்தது. "ரெண்டு வருஷமா ஆறும், திரும்ப வரும். நாடாப் புண்ணுன்னு விட்டுட்டேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க."

வா அம்மா, வா, இப்போது தெரிகிறதா என்று ஐறீனின் மனம் துள்ளியது. பொய் சொல்வானேன், ஒரு கணம் அது அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். பெரிய வெள்ளி தொடங்கிக் கிறிஸ்மஸ் வரைக்கும் கண்ணாடியில் அவள் பார்த்த முகமே அது.

"நான் பார்க்கமாட்டன். நானே பார்த்து நானே முடிவு சொல்லித்தான் என்ட இடுப்பைக் கெடுத்தனான். நாளைக்குக் கிளினிக் நாள். வெள்ளனவே வாங்கோ, ஒண்டாப் போவம்."

மறுநாள் திரைக்குப் பின்னால் நேர்ஸ் அவசரப்படுத்தினாள். பாக்கியலெட்சுமி முடிச்சோடு மல்லுக்கட்டினாள். நாடா முடிச்சு அவிழவில்லை. வேர்வையில் ஊறி இறுகியிருந்தது, இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. ஐறீன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முழங்காலில் இருந்தாள். முடிச்சுப் போட்டே பழகிய விரல்கள், அதை எங்கே நெகிழ்த்தவேண்டும் என்றும் அறிந்திருந்தன. நகத்தால் மெல்லக் கிளறி ஒரு இழையை எடுத்தாள். முடிச்சு விட்டது. ஐறீனின் தலைக்கு மேலே பாக்கியலெட்சுமி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

டொக்டரம்மா தலை முதல் கால் வரை பார்த்தார். புண்ணில் ஒரு துண்டு எடுத்தார். "பார்வைக்குப் பயப்பட ஒண்டும் இல்லை. ஆனால் முடிவு வந்தாத்தான் சொல்லலாம். என்னவா இருந்தாலும் இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரவேணும்" என்றார்.

வெளிக்கிடும்போது ஐறீன்தான் பாவாடையைக் கட்டிவிட்டாள். இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்வாக, புண்ணுக்கு மேலே தள்ளி.

"இவ்வளவு லூசா இருந்தா நிக்குமா?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"நிக்கும். நான் கட்டினது."

பாக்கியலெட்சுமி குனிந்து செருப்பை மாட்டினாள். பிறகு, "சின்னவளுக்குத் தை மாசம் வச்சிருக்கோம்" என்றாள். "உங்க கையால உடுத்திவிடணும் அக்கா. வருவீங்களா?"

ஐறீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவள் முந்தானையை உதறிச் சரிசெய்தாள்.

"வாறன். ஆனால் நாள் குறிக்க முந்தி என்னைக் கேளுங்கோ. கிளினிக் நாளில வைச்சால் நான் வரமாட்டன்."